குப்புறப் படுத்துக் கேட்ட கதை

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் டாக்டர் என் வலது கண் கட்டை அவிழ்த்தார். சொட்டு மருந்து விட்டார். பிறகு, "இனிமே ஒரு வாரத்துக்குத் தலையை நிமிர்த்தவே கூடாது" என்றார். "சரிங்க டாக்டர்" என்று தலையை நன்றாக நிமிர்த்திச் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் பின்னந்தலையில் கை வைத்து, தண்ணீர்க் குழாயைத் திருப்புவது போல் மெதுவாகக் கீழே திருப்பினார்.

விஷயம் இதுதான். என் கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய விழித்திரை, சுவரில் ஒட்டிய தாள் ஈரத்தில் உரிவது போல உரிந்துவிட்டது. அதைத் திரும்ப ஒட்டவைத்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழியை விட்டிருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேல் பக்கம்தான் போகும். நான் முகத்தைக் கீழே கவிழ்த்தே வைத்திருந்தால் அது கண்ணின் பின்சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்தால் நகர்ந்துவிடும். "மறுபடி உரிஞ்சா அந்தக் கண்ணுக்கு நான் உத்தரவாதம் தர முடியாதும்மா" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

எனக்கோ கண்தான் எல்லாம். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள் நான். பகலெல்லாம் ஊரார் எழுதியதில் பிழை தேடிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு நாவல் படிப்பேன். "உனக்கு அலுக்கவே அலுக்காதா?" என்று அச்சகத்தில் கேட்பார்கள். அலுத்தால் நான் ஏன் படிக்கிறேன்? அந்தக் கண் போய்விடுமோ என்று பயம்தான். ஆனால் என் உடம்பு அப்படிப்பட்டது. யாராவது கூப்பிட்டால் திரும்பும், பாத்திரம் விழுந்தால் எழும், சும்மா கிட என்றால் மட்டும் கிடக்காது.

என் வீட்டுக்காரர் மேசை, நாற்காலி, சோபா ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். எங்கிருந்தோ ஒரு பழைய சோபா மெத்தையைக் கொண்டுவந்து, நடுவில் முகம் அளவுக்கு ஓட்டை போட்டு, கட்டிலின் விளிம்பில் வைத்துவிட்டார். அதில் முகத்தைப் புதைத்தால் நல்ல கண்ணுக்குத் தரை தெரியும். என் உலகம் நாலு தரை ஓடுகளாகச் சுருங்கிவிட்டது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் எனக்கு வெறும் பாதங்கள். டீயைக்கூடத் தரையில் வைத்து ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டும்.

முதல் நாளே பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. "ஏங்க, ஏதாவது படிச்சுக் காட்டுங்களேன்" என்றேன். பாவம், மனுஷன் வேனை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்தார். இரண்டாவது செய்தி பாதியில் நின்றது. "அப்புறம்?" என்றேன். குறட்டை வந்தது. அவரைக் குறை சொல்லி என்ன, அச்செழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வரும். எங்கள் கல்யாணப் பத்திரிகையையே முழுசாகப் படித்தாரோ என்னவோ.

மிச்சம் இருந்தது எங்கள் மகள். வீட்டில் அவளை வக்கீலம்மா என்போம். சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம்தான், இன்னும் கோட்டு போடவில்லை. ஆனாலும் "குழம்பில் உப்பு இல்லை" என்று சொல்ல வந்தால்கூட நோட்டீஸ் அனுப்புவது போலத்தான் சொல்வாள்.

இந்தப் பெண் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பல் தேய்க்கும்போது புத்தகம், சாப்பிடும்போது புத்தகம். தெருவில் படித்துக்கொண்டே நடந்து போய் விளக்குக் கம்பத்தில் முட்டி, நிமிர்ந்து பார்க்காமலே கம்பத்திடம் "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு நடந்தவள்.

அவளுக்குக் கதை படித்துக் காட்டிப் பழக்கியது நான்தான். அதிலும் ஒரு கூத்து. அச்சகத்தில் அப்போது இரண்டு பேராகப் புரூஃப் பார்ப்போம். ஒருத்தி மூலத்தைச் சத்தமாகப் படிப்பாள், இன்னொருத்தி அச்சடித்த தாளில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பாள். படிக்கிறவள் கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அப்படிப் படித்த வாய், வீட்டிலும் அதே மாதிரிதான் ஓடும். "சிங்கம் கர்ஜித்தது முற்றுப்புள்ளி முயல் ஓடியது கமா ஒளிந்தது முற்றுப்புள்ளி." ஒரு நாள் அவள் என் மடியிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: "இந்த முற்றுப்புள்ளி யாரும்மா? எல்லாக் கதையிலயும் வர்றாரு, ஆனா ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிறாரே." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

சட்டக் கல்லூரியில் சேர்ந்ததும் எல்லாம் போயிற்று. நம் பேச்சில் ஒரு தொல்லை உண்டு. பாடத்தை எடுத்தாலும் படிக்கிறேன் என்போம், கதையை எடுத்தாலும் படிக்கிறேன் என்போம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பாடம் ஒரேயடியாகப் பட்டா போட்டுக்கொண்டது. "ஏதாவது படியேன்டி" என்றால், "படிச்சுக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்" என்று தலையணை மொத்தத்துக்கு ஒரு சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவாள். "அது இல்லடி, சந்தோஷத்துக்கு" என்றால், "டிகிரி முடியட்டும், சந்தோஷமா இருக்கேன்" என்பாள். ஒருமுறை லீவில் நான் கொடுத்த நாவலைத் திறந்து இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடிவிட்டாள். "வரலம்மா" என்றாள். என்ன வரவில்லை என்று கேட்டேன். "கதை படிக்கவே வரல. இதுல எது பரீட்சையில கேள்வியா வரும்னு மனசு தேடுது. எனக்கே பயமா இருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் குரல் குழந்தைக் குரலாக இருந்தது. எனக்கு அந்தக் கல்லூரி மேலேயே கோபம் வந்தது.

இப்போது அவளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு யோசனை செய்தாள். "அம்மா, என் பாடத்தையே சத்தமா படிக்கிறேன். எனக்கும் மனப்பாடம் ஆகும், உனக்கும் பொழுது போகும்." மறுக்க முடியவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தச் சட்டத்தை ஆரம்பித்தாள். ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் ஏற்கிறார், ஏற்றது தபாலில் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும், முன்மொழிந்தவர் செத்துப்போனால் என்ன ஆகும். ஏற்றவர் செத்தாலும் பரவாயில்லை, அந்த அத்தியாயம் முடிந்தால் போதும் என்றாகிவிட்டது எனக்கு. "இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?" என்று தலையைத் தூக்கிப் பார்ப்பேன். "அம்மா, குனி" என்பாள். குனிவேன். கொஞ்ச நேரத்தில் காலிங்பெல் அடித்தது என்று ஒரு தரம், குக்கர் விசில் என்று ஒரு தரம், ஒன்றுமே இல்லாமல் ஒரு தரம்.

அடுத்த பரிசோதனைக்குப் போனோம். சோபா ஏற்றும் வேனில் சோபா மாதிரியே என்னையும் குப்புற ஏற்றினார் என் வீட்டுக்காரர். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு ஓரம் சரியா ஒட்டல. தலையைத் தூக்கினீங்களா?"

தரையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அன்றைக்கு நல்ல சாக்கு இருந்தது.

"இன்னொரு வாரம். இதுதான் கடைசி வாய்ப்பு. இப்பவும் ஒட்டலன்னா அந்தக் கண்ணால எழுத்துப் படிக்கிறதை மறந்துடுங்க."

வீடு வந்து சேர்ந்தோம். கட்டிலில் கவிழ்ந்தேன். என் மகளின் பாதங்கள் வந்து நாலு ஓடுகளுக்கு நடுவில் நின்றன. பெருவிரல்கள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டன. சின்ன வயதிலிருந்து அழுகையை அடக்கும்போது அவள் செய்வது அது.

"என் பாடத்தைக் கேட்டுத்தான் நீ ஆடிக்கிட்டே இருந்த. எந்தக் கதை வேணும், சொல்லு" என்றாள்.

"உனக்குப் பரீட்சைடி."

"கண்ணு உன்னுது. எந்தப் புத்தகம்னு மட்டும் சொல்லு."

அலமாரியில், லீவு கிடைத்தால் படிக்கலாம் என்று ஆசையாக வாங்கி வைத்த தடி நாவல் ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். எடுத்து வந்து உட்கார்ந்தாள். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. புத்தகத்தின் பின்பக்கம் புரளுகிறது என்று கேட்டதும் தெரிந்துவிட்டது.

"என்னடி பண்ற?"

"தீர்ப்பு என்னன்னு பார்த்துட்டா நடுவுல இருக்கிறது சட்டுனு புரியும்மா. கேஸ் எல்லாம் நாங்க அப்படித்தான் படிப்போம்."

"அடிப்பாவி, கடைசிப் பக்கத்தைத் திறந்தே, இப்பவே நிமிர்ந்து உட்கார்ந்துடுவேன்."

நல்ல மிரட்டல் அது. புத்தகம் டப் என்று மூடிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்தேதான் போக வேண்டும், ஒருத்தி முந்தக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

கதை அண்ணன் தம்பி இருவரைப் பற்றியது. அப்பா விட்டுப்போன கடிகாரக் கடை ஒன்று. சண்டை போட்டுக்கொண்டு கடைக்கு நடுவில் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். இரண்டு கதவு, இரண்டு பெயர்ப்பலகை, ஒரே கூரை. ஒரு நாள் தம்பி காணாமல் போய்விடுகிறான்.

முதல் அத்தியாயத்தை என் மகள் கோர்ட்டில் மனு படிப்பது போல் படித்தாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நடுவில் நிறுத்தி, "அந்தச் சுவரே சட்டவிரோதம்மா. அன்னைக்கே ஸ்டே வாங்கியிருந்தா கதையே கிடையாது" என்றாள். "அதனாலதான்டி அவன் வாங்கல, படி" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏதோ விட்டுப்போனது போல் தட்டியது. எத்தனை வருஷமாக விட்டுப்போன வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

"ஒரு பத்தியைத் தாண்டிட்ட."

"மழை பெய்யுதும்மா அதுல. மழைதான் பெய்யுது, வேற ஒண்ணும் நடக்கல."

"மழை பெய்யட்டும். படி."

முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். கடைத்தெருவில் மழை பெய்கிறது. அண்ணன் தன் பக்கத்துக் கதவுக்கு வெளியே நின்று, தம்பி பக்கம் கூரை ஒழுகுமே என்று பார்க்கிறான். உள்ளே போகவில்லை. பார்த்துவிட்டுத் தன் பக்கம் வந்து உட்காருகிறான். அந்தப் பத்தியின் கடைசியில் அவள் சற்று நின்றாள். "ஓ" என்றாள், தனக்குத்தானே.

அதன் பிறகு அவள் பாதங்களைத்தான் நான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். வேறு என்ன இருக்கிறது எனக்கு அங்கே? முதலில் இரண்டும் ஒழுங்காகத் தரையில் ஊன்றி, எப்போது எழலாம் என்று காத்திருக்கும் பாதங்கள். நாள் போகப் போக ஒன்று மேலே ஏறி நாற்காலியில் மடங்கிக்கொண்டது. சண்டை வரும் இடத்தில் கீழே இருக்கிற காலின் விரல்கள் தரையைப் பிறாண்டின. தம்பி ஊரை விட்டுப் போகிற இடத்தில் அசையாமல் அப்படியே நின்றன. குரலும் மாறிவிட்டது. அண்ணனுக்கு ஒரு கரகரப்பு, தம்பிக்கு ஒரு அவசரம், கடைக்கு வருகிற சண்டைக்காரக் கிழவிக்கு அப்பட்டமாக என் குரல். "அது யாரு மாதிரிடி பேசற?" என்றால், "யாரும் இல்லையே" என்பாள். டீ ஆறிக் கிடக்கும். "ஒரு பத்து நிமிஷம்தான், அப்புறம் நான் படிக்கணும்" என்று உட்கார்ந்தவள், ஜன்னல் வெளிச்சம் தரையில் இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்குப் போகிறவரை எழுந்திருக்க மாட்டாள்.

எனக்கு மனசு குறுகுறுத்தது. "போடி, போய்ப் படி" என்று நானே விரட்டினேன். போவாள். சட்டப் புத்தகத்தோடு திரும்பி வந்து, என் கட்டிலோரத் தரையில் உட்கார்ந்து மடமடவென்று படித்து முடித்துவிட்டு, "என் பங்கு முடிஞ்சுது. அந்தக் கிழவி சாவியை யார்கிட்ட கொடுத்தா பாப்போமா?" என்பாள். பாடம் முன்னைவிடச் சீக்கிரம் ஏறுகிறது என்று அவளே சொன்னாள். என் வீட்டுக்காரர்கூட வாசற்படியில் வந்து நிற்க ஆரம்பித்தார். அவர் பாதங்கள் தூங்கவில்லை.

நானும் அசையவில்லை. காலிங்பெல் அடித்தால் அடிக்கட்டும். குக்கர் விசில் போட்டால் போடட்டும்.

சோதனை வந்தது வேறு ரூபத்தில். கதையில் அண்ணன் தினமும் காலையில் தன் கடைக் கதவைத் திறந்துவிட்டு, காணாமல் போன தம்பியின் கதவையும் திறந்துவைக்கிறான். யாராவது கேட்டால், "அவன் இப்பதான் டீ குடிக்கப் போனான்" என்கிறான். வருஷக்கணக்காக அதையே சொல்கிறான். அந்த இடத்தைப் படிக்கும்போது என் மகளின் குரல் பிசிறியது. ஒரு வரி படித்தாள், நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். திரும்பப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். "லூசும்மா இவன்" என்றாள்.

எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்குக் கம்பத்தில் முட்டிய அந்த முகம். எத்தனை வருஷமாக நான் தேடின முகம் கைக்கெட்டும் தூரத்தில், என் தலைக்கு மேலே இருக்கிறது. ஒரு நொடி போதும். என் கழுத்து தானாக எழும்பியது. நெற்றி மெத்தையை விட்டு விலகிக் காற்றுப் பட்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நொடிதான் என்பது குமிழிக்குத் தெரியாது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது எனக்கு, கண் மேல், குமிழி மேல், எல்லார் மேலும். நெற்றியைத் திரும்ப மெத்தையில் அழுத்தினேன். கையை மட்டும் கீழே விட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல. நீ படி."

அந்த வாரம் முழுக்க என் தலை எழவில்லை. மருத்துவமனைக்குப் போகிற நாளில் நாவலில் கொஞ்சம் பக்கங்கள் மீதி இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற சத்தம் அண்ணனுக்குக் கேட்கிறது, அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். "டாக்டர் என்ன சொன்னாலும் சரி, வந்ததும் முடிச்சிடுவோம்" என்று புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, என்னைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். என் வீட்டுக்காரர் வேனை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்.

டாக்டர் வெளிச்சம் அடித்தார். இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார், அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்.

"ஒட்டிடுச்சு" என்றார். "முழுசா. நிமிருங்கம்மா."

நிமிர்ந்தேன். கழுத்து கிறீச்சிட்டது. டாக்டருக்கு மீசை இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வலது கண்ணில் இன்னும் குமிழி தளும்பியது, எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆடியது. அது கரையக் கரையப் பார்வை தெளியும் என்றார். "சொட்டு மருந்து போடுறது எல்லாம் விவரமா சொல்லணும். உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

கதவைத் திறந்து வெளியே வந்தேன். நடையில் வரிசையாக நாற்காலிகள். கடைசியில் என் மகள். ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, மடியில் புத்தகம். முந்தக் கூடாது என்று பேசிக்கொண்டவள், கடைசிப் பக்கத்துக்கு அருகில் இருந்தாள். உதடுகள் லேசாக அசைந்தன. சட்டைக் காலர் நுனி பல்லுக்குள் இருந்தது. தள்ளுவண்டி கொண்டுவந்த ஆள் இரண்டு தரம் சொல்லியும் கேட்காமல், கடைசியில் அவர்தான் வண்டியை வளைத்துக்கொண்டு போனார். நான் இரண்டு அடி தள்ளி நிமிர்ந்து நின்றேன், இரண்டு கண்ணாலும் அவளையே பார்த்துக்கொண்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்துக்குள் எதையோ பார்த்துச் சிரித்தாள்.

சத்தம் போடாமல் திரும்பி உள்ளே போனேன்.

"எங்கம்மா, பொண்ணு வரலையா?" என்றார் டாக்டர்.

"அவ வேலையா இருக்கா டாக்டர்" என்றேன். "எங்கிட்டயே சொல்லுங்க."